எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதியில் ஜெர்மன் குடும்பத்தோடு கிறிஸ்துமஸ்: சைவச் சாப்பாடு, பரிசு, கோவில் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நெல்லைச்சீமை (கேள்வி)

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கெம்னிட்ஸில் முதுகலை படிக்கிறேன், இது முதல் செமஸ்டர். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவு வழியாக அன்னபெர்க்-பூஹ்ஹோல்ட்ஸில் ஒரு குடும்பம் என்னைக் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 24 மதியம் போய் 26 மாலை திரும்ப வேண்டும். வீட்டில் கணவன், மனைவி, 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி.

"24 இரவு நொய்னர்லாய் சாப்பாடு, 25 விடியற்காலை ஆறு மணிக்கு மெட்டன், வருவீர்கள்தானே?" என்று மெயில் போட்டிருக்கிறார்கள். இரண்டுமே எனக்குப் புதிது. நான் கறி, மீன் சாப்பிடுவதில்லை. முட்டை, பால் பிரச்சினை இல்லை. மதுவும் கிடையாது. கேட்க நினைப்பது:

சாப்பாட்டு விஷயத்தை எப்படி, எப்போது சொல்வது? என்ன பரிசு, எவ்வளவு செலவில்? அவர்களுடைய கிறிஸ்தவக் கோவிலுக்கு இந்து ஒருவன் போனால் தப்பாக நினைப்பார்களா? வீட்டுக்குள் தெரியாமல் செய்துவிடக்கூடாத காரியம் ஏதாவது உண்டா?

வெள்ளிச்சுரங்கம்

தம்பி, நல்ல ஊருக்குத்தான் போகிறீர்கள். ஜெர்மனியில் பல வீடுகளில் 24 இரவு உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான். எர்ட்ஸ்கெபிர்கெயில் அப்படியில்லை. அது வெள்ளியும் தகரமும் தோண்டிய சுரங்கத் தொழிலாளர் பூமி. அன்று இரவு ஒன்பது வகை பதார்த்தம் மேசைக்கு வரவேண்டும், அதுதான் நொய்னர்லாய். ஒவ்வொன்றுக்கும் வரப்போகிற வருஷத்துக்கான ஒரு வேண்டுதல் உண்டு. பயறு சில்லறைக்காசு குறையாமல் இருக்க. க்ளோஸெ என்கிற உருளைக்கிழங்கு உருண்டை பெரிய பணம் வர. சாவர்க்ரௌட் என்கிற புளித்த முட்டைக்கோஸ் வாழ்க்கை புளிக்காமல் இருக்க. பீட்ரூட் கன்னம் சிவந்து ஆரோக்கியமாக இருக்க. இவற்றோடு பிராட்வுர்ஸ்ட் என்கிற சாசேஜ், வாத்து அல்லது பன்றிக்கறி, பழத்தை வேகவைத்த கம்போட், கொட்டைகள், பாலில் ஊறின ரொட்டியான செம்மல்மில்ஷ். பட்டியலும் அர்த்தமும் வீட்டுக்கு வீடு மாறும். பாட்டி இருக்கிற வீடு என்றால் பாட்டி சொல்வதுதான் சட்டம், அவரிடமே கேளுங்கள். இதைவிட நல்ல பேச்சுத் தொடக்கம் அமையாது.

சைவம் என்பதை இப்போதே, அதே மெயிலுக்குப் பதிலாக எழுதிவிடுங்கள். வெறுமனே "வெஜிட்டேரியன்" என்று எழுதினால் போதாது, ஏனென்றால் சிக்கல் கறித்துண்டில் இல்லை, அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சாவர்க்ரௌட்டையும் சிவப்பு முட்டைக்கோஸையும் பன்றிக்கொழுப்பு அல்லது வாத்துக்கொழுப்பில் வதக்குவது இங்கே சர்வசாதாரணம், அந்தக் கொழுப்புக்கு ஷ்மால்ட்ஸ் என்று பெயர். பயறில் பொடியாக நறுக்கின ஷ்பெக், அதாவது உப்பில் ஊறிப் புகைபோட்ட பன்றிக்கொழுப்பு, விழுந்திருக்கும். சூப்பும் குழம்பும் எலும்பு வடிநீரில் தொடங்கும். ஆகவே "ஷ்பெக், ஷ்மால்ட்ஸ், கறி வடிநீர் மூன்றும் எனக்கு ஆகாது, முட்டையும் பாலும் வெண்ணெயும் சாப்பிடுவேன்" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கூடவே "எனக்காகத் தனிச் சமையல் வேண்டாம், க்ரௌட்டையும் பயறையும் கொழுப்பு சேர்க்கும் முன் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைத்தால் போதும்" என்று ஒரு வரி. சமைக்கிறவருக்கு அது இரண்டு நிமிஷ வேலை. முன்கூட்டியே சொல்லாமல் மேசையில் உட்கார்ந்தபிறகு சொன்னால்தான் அந்த அம்மாவுக்குச் சங்கடம்.

அப்படிச் சொல்லிவிட்டால் ஒன்பதில் ஆறேழு உங்கள் தட்டுக்கு வந்துவிடும். செம்மல்மில்ஷில் சில வீடுகளில் ரம் ஊற்றுவார்கள், ஷ்டொல்லன் கேக்கின் உலர்திராட்சையையும் பெரும்பாலும் ரம்மில் ஊறவைப்பார்கள். மதுவே கூடாது என்றால் இரண்டையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். எல்லாவற்றையும் கொஞ்சமாவது ருசி பார்ப்பதுதான் முறை, வழித்துச் சாப்பிட வேண்டும் என்பதில்லை. ஒன்பது வகை என்பதால் முதல் சுற்றிலேயே இரண்டு க்ளோஸெ எடுத்துவிடாதீர்கள். முஷ்டியளவு உருளைக்கிழங்கு உருண்டை அது, ஒன்றிலேயே வயிறு நிறைந்துவிடும்.

மேசை முறை பற்றி இரண்டு விஷயம். பல வீடுகளில் ஆறு மணிக்குக் கோவில் மணி அடிக்கும்போது உட்காருவார்கள். உட்கார்ந்த பிறகு எல்லாரும் முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது, எழுந்தால் வரப்போகிற வருஷத்துக்கு ஆகாது என்பது பழைய நம்பிக்கை. பரிமாறுகிற அம்மா ஒருவருக்குத்தான் விலக்கு. அதனால் முன்னாடியே பாத்ரூம் போய்வந்து, போனை அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். தட்டுக்கு அடியில் ஒரு நாணயம் இருந்தால் அசைக்காதீர்கள், அது காசு தங்குவதற்காக வைப்பது. ஆளில்லாத இடத்தில் ஒரு தட்டு கூடுதலாக வைத்திருந்தால் யாரோ வர மறந்துவிட்டார்கள் என்று நினைத்து விசாரிக்க வேண்டாம். வழிதவறி வரும் அந்நியருக்கு என்று ஒதுக்குகிற தட்டு அது.

பனிப்பொழில்

வெள்ளிச்சுரங்கம் சாப்பாட்டை முழுதாகச் சொல்லிவிட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். மெயிலில் எழுதுவதோடு நிறுத்தாமல் 20 தேதிவாக்கில் போனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாட்டி சமைக்கிற வீட்டில் மெயில் பாட்டி வரைக்கும் போகாது.

பயணமும் கடையும். கெம்னிட்ஸிலிருந்து வட்டார ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். நாடு முழுக்க வட்டார வண்டிகளுக்கான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும். அன்னபெர்க்கில் ஒன்றுக்கு மேல் நிலையங்கள் உண்டு, ஊரோ மேட்டில் இருக்கிறது. எதில் இறங்க வேண்டும், யாராவது வருவார்களா என்று அவர்களிடமே கேட்டு எழுதி வையுங்கள். 24 மதியத்துக்கு மேல் ரயிலும் பேருந்தும் குறைந்துவிடும், அதனால் இரண்டு மணிக்குள் போய்ச் சேருகிற வண்டியைப் பிடியுங்கள். தாமதமானால் எத்தனை நிமிஷம் என்று உடனே செய்தி அனுப்புங்கள். அன்று அவர்கள் வீட்டில் கோவில், சாப்பாடு, பரிசு எல்லாம் மணிக்கணக்கில் வரிசையாக இருக்கும்.

24 அன்று கடைகள் அதிகபட்சம் மதியம் 2 மணி வரைதான். 25, 26 இரண்டும் நாடு முழுக்க விடுமுறை. 2026-இல் 26 சனிக்கிழமை வருகிறது, மறுநாள் ஞாயிறு, ஆக 25 முதல் 27 வரை தொடர்ந்து மூன்று நாள் கடை கிடையாது. திரும்பி வந்து சாப்பிட வேண்டிய அரிசி, பால், ரொட்டியை 23 அன்றே வாங்கி அறையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். தவறினால் பெரிய ரயில் நிலையத்துக் கடையும் பெட்ரோல் பங்க்கும்தான் கதி, விலையும் கூட. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் கையில் எடுத்துப் போங்கள். விடுமுறையில் அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 116117, உயிர் ஆபத்துக்கு 112.

பரிசு. குடும்பத்துக்குச் சேர்த்து ஒன்று, பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்குச் சின்னதாக ஒன்று. மொத்தம் 25 முதல் 30 யூரோவுக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் மாணவரிடம் இவ்வளவு வாங்கிவிட்டோமே என்று அவர்களுக்குத்தான் பாரம். என் கணிப்பில் உங்களுக்கு மிகப் பொருத்தமானது புல்ஸ்நிட்ஸ் ஊரின் இஞ்சி ரொட்டி, ஒரு டப்பா. காரணம் சொல்கிறேன். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு பிறந்த ஊர் அந்தப் புல்ஸ்நிட்ஸ். அதே சாக்ஸனி மாநிலம்தான், ட்ரெஸ்டனுக்கு வடகிழக்கே. 1558 முதல் அங்கே அந்த ரொட்டி சுடுகிறார்கள். டப்பாவோடு இதை நாலு வரியில் ஜெர்மனில் எழுதி ஒரு அட்டையாக வையுங்கள். அவர்கள் மாநிலத்து ஊர் ஒன்றின் பெயர் உங்கள் மொழியின் அச்சு வரலாற்றில் இருக்கிறது என்பது அந்த வீட்டில் அநேகமாக யாருக்கும் தெரிந்திருக்காது.

ஊரிலிருந்து வரவழைக்க நினைத்தால் கவனம். பால், நெய் சார்ந்த பண்டத்தையும் கறியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை இருக்கிறது. பால்கோவா சுங்கத்தில் போய்விடும். கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். தனிநபர் ஒருவர் தபாலில் அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்பு வரைதான் வரியில்லாமல் வரும். மரப்பொம்மை செய்கிற ஊராயிற்றே என்று மரப்பாச்சி வரவழைக்கத் தோன்றும். செம்மரத்தில் செய்தது என்றால் வேண்டாம். அது பன்னாட்டுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் மரம், சிக்கல் வரலாம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அந்தத் தொந்தரவு இல்லை, ஆனால் எளிதில் உடையும். தலை, உடல், கால் என்று ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் துணியில் சுற்றச் சொல்லுங்கள்.

பரிசு கொடுக்கிற நேரம் 24 இரவு, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ. 25 காலை இல்லை. உங்களுடையதை வந்தவுடன் நீட்டாமல், "இதை மரத்தடியில் வைக்கலாமா?" என்று பெரியவர்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆறு வயசுக் குழந்தைக்குப் பரிசு கொண்டுவருவது வைனாக்ட்ஸ்மான் தாத்தா. யார் வாங்கினது, என்ன விலை என்ற பேச்சைப் பிள்ளைகள் எதிரில் எடுக்கவே கூடாது. உங்களுக்கு வந்த பரிசை அங்கேயே பிரித்துப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். நம் ஊர் வழக்கம்போல அப்படியே பையில் வைத்துக்கொண்டால் பிடிக்கவில்லையோ என்று நினைப்பார்கள்.

தேவதாரு

கோவில் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் நான்.

தாராளமாகப் போகலாம். அந்தப் பகுதி லூத்தரன் சபை. கிறிஸ்தவர் அல்லாதவர் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வருவது அங்கே புதிதில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோவில் பக்கம் வருகிற உள்ளூர்க்காரர்களே நிறைய. மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். ஜெபத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. திருவிருந்து இருந்தால் அப்பமும் ரசமும் வாங்க வரிசையில் போகாமல் இடத்திலேயே இருங்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காணிக்கைக்கு இரண்டு யூரோ சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

24 மாலை நடப்பது கிறிஸ்ட்வெஸ்பர், அதில் பிள்ளைகள் பிறப்பு நாடகம் போடுவார்கள். 25 விடியலில் ஆறு மணிக்கு நடப்பது மெட்டன். விடியற்காலை என்பதால் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள், அந்த மலைக்கே உரிய ஆராதனை அது. அன்னபெர்க்கில் தூய அன்னாள் கோவிலுக்குப் போவதாக இருந்தால் 1499-க்கும் 1525-க்கும் இடையில் கட்டின அந்த மண்டபத்தில் சுரங்கத் தொழிலாளர் பலிபீடம் என்று ஒன்று இருக்கும். அதன் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். 1521-இல் ஹான்ஸ் ஹெஸ்ஸெ வரைந்தது. சுரங்கம் தோண்டுவது, தாது கழுவுவது, உருக்குவது, நாணயம் அடிப்பது எல்லாம் வரிசையாக இருக்கும். வெள்ளி எடுத்த கைகளைக் கோவிலுக்குள்ளேயே வரைந்துவைத்த ஊர் அது.

கல் கோவில் குளிரும். ஊரே சுமார் 600 மீட்டர் உயரம். ஒரே தடித்த கோட்டை நம்பாமல் உள்ளே உடம்போடு ஒட்டின முழுக்கை பனியன், மேலே கம்பளி, அதன்மேல் கோட் என்று மூன்று அடுக்கு. காலுக்குக் கம்பளிச் சாக்ஸ், பள்ளம் விழுந்த ரப்பர் அடியுள்ள பூட்ஸ். அடிப்பாகம் வழுவழுப்பான ஷூவோடு அந்த மேட்டுத் தெருவில் பனிக்கட்டி மேல் இறங்கினால் விழுவது நிச்சயம். வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செருப்பு தனியாக எடுத்துப் போங்கள், வாசலிலேயே வெளிச் செருப்பைக் கழற்றிவிட வேண்டும்.

வீட்டுக்குள் உள்ள மரச்சாமான்கள் பற்றி. ஜன்னலில் அரைவட்ட வடிவில் விளக்கு நிற்கும், ஷ்விப்போகன். தெரிந்தவற்றில் மிகப் பழையது 1740-இல் யோஹான்கெயோர்கென்ஷ்டாட்டில் இரும்பில் செய்தது. பக்கத்தில் தேவதையும் சுரங்கத் தொழிலாளியுமாக மரப்பொம்மைகள் இருந்தால் எண்ணிப்பாருங்கள். பெண் குழந்தைக்கு ஒரு தேவதை, ஆண் குழந்தைக்கு ஒரு தொழிலாளி என்று வைப்பது பழைய வழக்கம்.

வாயிலிருந்து புகைவிடும் மரப்பொம்மையைப் பற்றவைக்கச் சொல்லி உங்களிடம் கொடுக்கலாம். உள்ளே வைப்பது நம் கம்ப்யூட்டர் சாம்பிராணி போன்ற கூம்புதான். பொம்மையின் மேல்பாதியைத் தூக்கி எடுத்து, கூம்பின் நுனியைப் பற்றவைத்து, பத்து விநாடி எரியவிட்டு ஊதி அணைத்து, கனன்று கொண்டிருப்பதை அடித்தட்டிலுள்ள உலோக வட்டத்தின்மேல் நிறுத்தி, பிறகு மேல்பாதியை மாட்ட வேண்டும். சுடர் அணையாமல் மாட்டினால் பொம்மையின் உட்புறம் கருகும். மரத்தின்மேலேயே கூம்பை வைத்தால் அடி எரியும். ஆஸ்துமா உள்ளவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த நாட்களில் வீடு முழுக்க இந்தப் புகைதான்.

மேசையில் சுழலும் மர பிரமிட் இருக்கும். மெழுகுவர்த்தியின் சூடான காற்று மேலே ஏறி, சாய்த்து மாட்டின இறக்கைகளில் பட்டு அவற்றைத் தள்ளுகிறது. அதோடு நடுத்தண்டும் பொம்மைத் தட்டுகளும் சேர்ந்து சுற்றுகின்றன. எல்லா மெழுகுவர்த்தியும் எரிந்தால்தான் சீராகச் சுழலும். மெழுகுவர்த்தி 14 மில்லிமீட்டரும் 17 மில்லிமீட்டரும் என்று இரண்டு தடிமனில் வருகிறது, குழிக்குப் பொருந்தாததைத் திணித்தால் சாயும். கதவைத் திறந்துவிட்டால் காற்று அடித்துச் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து சுழற்சி நின்றுபோகும். நின்றால் ஒரே இறக்கை சூட்டில் மாட்டிக் கருகும். நின்றுவிட்டதைப் பார்த்தால் கையால் சுற்றிவிடாமல் வீட்டாரைக் கூப்பிடுங்கள். எரியும்போது இடம் மாற்றவே கூடாது.

இன்னொன்று, 25 முதல் ஜனவரி 6 வரையான இரவுகளில் துணி துவைத்துக் காயப்போடக்கூடாது என்பது அங்கே பெரியவர்கள் இன்னும் பார்க்கிற விஷயம். மூன்று நாளுக்குத் தேவையான துணியை எடுத்துப் போய்விட்டால் வாஷிங் மெஷினைக் கேட்க வேண்டியே வராது.

பேசுகிற முறைக்கு வந்தால், பெரியவர்கள் தாங்களாக "டூ" (நீ) என்று சொல்லச் சொல்லும்வரை "ஸீ" (நீங்கள்) தான். பாட்டிக்குக் கடைசிவரை "ஸீ" ஆகவே இருக்கலாம், தப்பில்லை. "க்ல்யுக் அவுஃப்" என்று யாராவது வணக்கம் சொன்னால் அதையே திருப்பிச் சொல்லுங்கள். சுரங்க வணக்கம் அது. உங்கள் வாயிலிருந்து வந்தால் முகம் மலரும்.

நெல்லைச்சீமை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெயில் அனுப்பிவிட்டேன், ஷ்பெக், ஷ்மால்ட்ஸ் எல்லாம் பெயரோடு. "சந்தோஷம், க்ரௌட்டைத் தனியாக எடுத்துவைக்கிறோம். 26 மதியம் நீங்கள் ஏதாவது ஒன்று சமைத்துத் தருகிறீர்களா?" என்று பதில் வந்திருக்கிறது. எலுமிச்சைச் சோறு யோசிக்கிறேன். அவர்கள் ஐந்து பேர், நான் ஒருவன். காரம், பாத்திரம், சாமான் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அடுப்படி

நல்ல தேர்வு, தம்பி. ஆறினாலும் நன்றாக இருக்கும், மிச்சமிருக்கிற சிவப்பு முட்டைக்கோஸோடு சேர்த்தும் சாப்பிடலாம்.

ஆறு பேருக்குப் பாஸ்மதி 450 கிராம். ஏழெட்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடுகிற சமையல் இல்லை என்பதால் பாஸ்மதியே போதும், பொன்னியைத் தேடி அலைய வேண்டாம். கழுவி இருபது நிமிஷம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, முக்கால் பதத்துக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் வடித்துவிடுங்கள். அகலமான தட்டில் பரப்பி ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஆறவையுங்கள். சூடான சோற்றில் கிளறினால் குழைந்துபோகும். இந்தச் சோறு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

தாளிக்க: சூரியகாந்தி எண்ணெய் 5 மேசைக்கரண்டி, கடுகு ஒன்றரைத் தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, வேர்க்கடலை 70 கிராம், வரமிளகாய் இரண்டே இரண்டு, கிள்ளாமல் முழுசாக. விதை வெளியே வராததால் வாசனை மட்டும் இறங்கும். பச்சைமிளகாய் போடாதீர்கள். உங்களுக்கும் பாட்டிக்கும் ஒரே காரம் சரிப்படாது, உங்களுக்கு வேண்டியதை ஊறுகாயில் பார்த்துக்கொள்ளுங்கள். இஞ்சி துருவி ஒரு தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை. பெருங்காயத்தை டப்பாவோடு எடுத்துப் போனால் பை முழுக்க வாசனை ஏறும், காகிதத்தில் மடித்து ஒரு சின்னப் பாட்டிலில் போடுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கும், வீட்டில் யாருக்காவது கோதுமை ஆகாதா என்று கேளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமையையும் இப்போதே கேளுங்கள், பிள்ளைகள் இருக்கிற வீடு. இருந்தால் வேர்க்கடலையை அறவே விட்டுவிடுங்கள், மற்ற சாமானும் அது கலக்காத புதுப் பாக்கெட்டாக இருக்கட்டும்.

எலுமிச்சை மூன்று, சாறு சுமார் 90 மில்லி வரும். அடுப்பை அணைத்து, வாணலியின் சூடு தணிந்தபிறகுதான் சாற்றை ஊற்ற வேண்டும், கொதிக்கிற எண்ணெயில் ஊற்றினால் கசக்கும். முதலில் முக்கால் பங்கு ஊற்றிக் கிளறி, ருசி பார்த்து மீதி.

அந்த ஊர் அடுப்பு பெரும்பாலும் கண்ணாடி மேல்தட்டு. இண்டக்‌ஷன் என்றால் அலுமினிய வாணலி சூடேறாது, அவர்கள் பாத்திரத்தையே கேளுங்கள். இண்டக்‌ஷன் இல்லாத கண்ணாடி அடுப்பு அணைத்தபிறகும் வெகுநேரம் சூடாக இருக்கும், அதனால் பருப்பு சிவக்கத் தொடங்கும்போதே வாணலியைப் பக்கத்தில் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கருகிப்போகும். கடுகு போட்டவுடன் மூடி போடுங்கள், தெறித்த எண்ணெயைக் கண்ணாடி ஆறினபிறகு ஈரத்துணியால் துடையுங்கள். தாளிப்பதற்கு முன்பே புகை உறிஞ்சியை ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். மிளகாய் நெடி கூடத்துக்குப் போனால் எல்லாரும் இருமுவார்கள், புகை அலாரமும் அடிக்கலாம். மஞ்சள் பட்ட கரண்டியை அவர்களுடைய வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் வைக்காதீர்கள், கறை போகாது.

பருப்பு, கடுகு, மஞ்சள், வரமிளகாய் எல்லாவற்றையும் அளந்து சின்னச் சின்னப் பொட்டலமாக 23 அன்றே கட்டிவிடுங்கள். அரிசியும் எலுமிச்சையும் உங்கள் கையிலேயே போகட்டும், 26 அன்று அங்கே ஒரு எலுமிச்சை வாங்கக்கூடக் கடை இருக்காது.